ஆக்சிஜன் சேர்ந்ததும் ஹீமோகுளோபினில் எச்சத் தொடுகைகள் பாதியாகக் குறைகின்றனவா?

கேள்வி, 3 மார்ச் 2024

ஆக்சிஜன் இல்லாத மனித ஹீமோகுளோபின் (புரதக் கட்டமைப்புகளின் பொதுத் தரவுத்தளமான பிடிபியில் எண் 2எச்எச்பி), ஆக்சிஜன் சேர்ந்த ஹீமோகுளோபின் (1எச்எச்ஓ) ஆகிய இரண்டு கோப்புகளையும் இறக்கி, எச்சங்களின் (சங்கிலியில் கோத்த அமினோ அமிலங்களின்) நடு அணுவான ஆல்பா கார்பன்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) வரும் எல்லா எச்ச இணைகளையும் தொடுகைகளாகக் கொண்டு ஒரு பைத்தான் நிரலால் எண்ணினேன். இரண்டாவதில் எண்ணிக்கை பாதிக்கும் சற்றுக் குறைவாக வருகிறது. ஆக்சிஜன் சேர்ந்ததும் மூலக்கூறு அவ்வளவு தளர்ந்துவிடுகிறது, நான்கு சங்கிலிகளும் ஒத்துழைத்து ஆக்சிஜனைப் பிடிப்பதற்கு இதுவே காரணம் என்று வகுப்புக் கருத்தரங்கில் சொல்லலாமா?

3 மார்ச் 2024, இரவு 9.40

சொல்ல வேண்டாம். நீங்கள் ஒப்பிட்டது ஒரு முழு மூலக்கூறையும் மற்றொன்றின் பாதியையும்.

2எச்எச்பி கோப்பில் ஏ, பி, சி, டி என நான்கு சங்கிலிகளும் இருக்கின்றன: 141 எச்சங்கள் கொண்ட ஆல்பா இரண்டு, 146 எச்சங்கள் கொண்ட பீட்டா இரண்டு, மொத்தம் 574 எச்சங்கள். 1எச்எச்ஓ கோப்பில் ஏ, பி ஆகிய இரண்டு மட்டுமே உள்ளன. அந்தப் படிகத்தில் மூலக்கூறின் இரட்டைச் சமச்சீர் அச்சு படிகத்தின் அச்சோடு ஒன்றிவிடுவதால், ஒரு பாதியை 180 பாகை சுழற்றினாலே மறு பாதி கிடைத்துவிடும். ஆகவே ஒரு பாதியின் ஆயங்களை மட்டும் எழுதிவிட்டு, சுழற்றும் விதியைக் கோப்பின் தலைப்பகுதியில் ரிமார்க் 350 என்ற வரிகளில் கொடுத்திருக்கிறார்கள். நிரல் அந்த வரிகளைப் படிக்கவில்லை.

"பாதிக்கும் சற்றுக் குறைவு" என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. சங்கிலிகள் பாதி என்பதால் எண்ணிக்கை பாதியானது. இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று தொடும் முகப்பு அடியோடு விடுபட்டதால் அதற்கும் கீழே இறங்கியது. விடுபட்ட அந்த முகப்புதான் ஆக்சிஜன் சேரும்போது உண்மையில் மாறுகிறது என்பதால், விடை கிடைக்க வேண்டிய ஒரே இடம் உங்கள் கணக்கில் இல்லை.

4 மார்ச் 2024, காலை 7.15

மறு பாதியைச் சேர்ப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பிடிபி தளத்தில் உயிரியல் தொகுப்பு என்ற பெயரில் முழு மூலக்கூறும் தனிக் கோப்பாகக் கிடைக்கும். பழைய பிடிபி வடிவில் அதை இறக்கினால், இரண்டாவது பாதி அதே ஏ, பி என்ற பெயர்களோடு மாடல் 2 என்று எழுதப்பட்டிருக்கும். மாடல் 1-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும் நிரல் மீண்டும் பாதியைத்தான் எண்ணும். எம்எம்சிஐஎஃப் என்ற புதிய வடிவில் இறக்கினால் பிரதிச் சங்கிலிகளுக்குத் தனிப் பெயர் இருக்கும்; அதுவே பாதுகாப்பான வழி.

எல்லா மாடல்களையும் ஒன்றாகக் கொட்டி எண்ணுவதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையில் தீர்த்த கோப்புகளில் மாடல்கள் என்பவை ஒரே மூலக்கூறின் மாற்று வடிவங்கள். அவற்றை ஒருசேர பயோபைத்தான் நிரல் தொகுப்பின் அண்டைத் தேடலுக்குக் கொடுத்தால், ஒரு வடிவத்தின் லைசின் மற்றொரு வடிவத்தின் அதே லைசினைத் தொடுவதாக ஆயிரக்கணக்கான பொய்த் தொடுகைகள் வரும். மாடல் என்ற ஒரே சொல் ஒரு கோப்பில் "சேர்த்து எண்ணு" என்றும் இன்னொன்றில் "தனித்தனியே எண்ணு" என்றும் பொருள்படுகிறது. கோப்பின் தலைப்பகுதியைப் படிக்காமல் இதைத் தீர்க்க முடியாது.

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் பயிற்சியாக இந்த இரண்டு கோப்புகளையே கொடுக்கிறோம். தொடுகை எண்ணும் நிரல் எழுதுவது ஒரு பிற்பகல் வேலை. எதை எண்ணுகிறோம் என்பதை உறுதிசெய்வதில்தான் நாட்கள் போகின்றன.

4 மார்ச் 2024, மாலை 6.30

முழு மூலக்கூறை வைத்து எண்ணியபின் வித்தியாசம் மிகச் சிறிதாகிவிட்டது, அப்படியென்றால் எதுவுமே மாறவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறுகிறது, ஆனால் மொத்த எண்ணிக்கையில் அது தெரியாது. தொடுகைகளில் பெரும்பகுதி ஒவ்வொரு சங்கிலிக்கும் உள்ளேயே இருக்கிறது. ஆல்பா1, பீட்டா1 இரண்டுக்கும் இடையிலான முகப்பும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இந்த இணை ஓர் உறுதியான கட்டி போல நின்று, மற்ற இணையைச் சார்ந்து சுமார் 15 பாகை திரும்புகிறது. 1979-இல் பால்ட்வினும் சோத்தியாவும் இதை விரிவாக அளந்து எழுதினார்கள். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஆல்பா1-பீட்டா2 முகப்பு. 2எச்எச்பி கோப்பில் ஏ, டி சங்கிலிகளுக்கு இடையே உள்ளது.

அங்கே பீட்டாவின் 97-ஆம் எச்சமான ஹிஸ்டிடினைக் கவனியுங்கள். ஆக்சிஜன் இல்லாத நிலையில் அது ஆல்பாவின் திரியோனின் 41, புரோலின் 44 ஆகியவற்றுக்கு நடுவே பொருந்தியிருக்கிறது. ஆக்சிஜன் சேர்ந்த நிலையில் ஹெலிக்ஸின் (சுருளின்) ஒரு சுற்று தள்ளி, திரியோனின் 38, திரியோனின் 41 ஆகியவற்றுக்கு நடுவே போய் உட்காருகிறது. இதோடு ஹைட்ரஜன் பிணைப்புகளும் கைமாறுகின்றன: முன்னதில் ஆல்பா டைரோசின் 42 பீட்டா அஸ்பார்டேட் 99-ஐப் பிடித்திருக்கும், பின்னதில் அது விட்டுப்போய், ஆல்பா அஸ்பார்டேட் 94 பீட்டா அஸ்பரஜின் 102-ஐப் பிடிக்கும். ஒரு தொடுகை போய் மற்றொன்று வருவதால் கூட்டுத்தொகை அசைவதில்லை. ஆகவே எண்ணிக்கைகளைக் கழிக்காதீர்கள், பட்டியல்களைக் கழியுங்கள். எந்த இணை முதல் பட்டியலில் மட்டும் இருக்கிறது, எது இரண்டாவதில் மட்டும் இருக்கிறது, எது இரண்டிலும் இருக்கிறது என்று மூன்றாகப் பிரித்தால் இந்த மூலக்கூறு எப்படி இயங்குகிறது என்பது கண்முன் வந்து நிற்கும்.

7 மார்ச் 2024

வேறொருவர் கேட்டிருக்கிறார்: 8 ஆங்ஸ்ட்ராம் என்ற எண் எங்கிருந்து வந்தது, 7 அல்லது 10 வைத்தால் என்ன?

ஒரே ஊற்றிலிருந்து வரவில்லை. 1978-இல் மணவாளனும் பொன்னுசாமியும் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரையில், ஓர் எச்சத்தைச் சுற்றி 8 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள கோளத்துக்குள் எந்தெந்த எச்சங்கள் வருகின்றன என்று பார்த்து, அவற்றின் நீர்வெறுப்புத் தன்மையைக் கூட்டி, அந்த எச்சத்தின் சூழலை அளந்தார்கள். குரோமிஹாவும் செல்வராஜும் 2001-இல் புரதம் மடங்கி வடிவம் பெறும் வேகத்தை முன்னறிய நெடுந்தொலைவு ஒழுங்கு என்ற அளவை முன்வைத்தபோதும், வரிசையில் 12 எச்சங்களுக்கு மேல் விலகியிருந்தும் வெளியில் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் நெருங்கி வரும் இணைகளையே எண்ணினார்கள். மேற்கில் 1998-இல் வந்த தொடுகை வரிசை என்ற அளவு, ஹைட்ரஜன் நீங்கலான அணுக்களுக்கு 6 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்தது. மியாசாவாவும் ஜெர்னிகனும் 1985-இல், ஒவ்வொரு வகை அமினோ அமிலத்துக்கும் தனித்தன்மை தரும் பக்கச்சங்கிலிகளின் மையங்களுக்கு இடையே 6.5 ஆங்ஸ்ட்ராம் எடுத்துக்கொண்டார்கள். கட்டமைப்பு முன்னறிவிப்புக்கான காஸ்ப் போட்டிகளில், பக்கச்சங்கிலியின் முதல் அணுவான பீட்டா கார்பன்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராம் என்பது வழக்கமாயிற்று. கிளைசினுக்கு பீட்டா கார்பன் இல்லாததால் ஆல்பா கார்பன்.

இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு வைத்த அளவுகோல். ஓர் எச்சம் எப்படிப்பட்ட அக்கம்பக்கத்தில் வாழ்கிறது என்று கேட்டால் ஆல்பா கார்பன் 8 நல்ல அளவு. இரண்டு பக்கச்சங்கிலிகள் உண்மையில் ஒன்றையொன்று உரசுகின்றனவா என்று கேட்டால் அது போதாது. லைசினை முழுமையாக நீட்டினால் ஆல்பா கார்பனிலிருந்து நுனி நைட்ரஜன் வரை 6 ஆங்ஸ்ட்ராமுக்கும் மேல் நீளம். எதிரே குளூட்டமேட்டும் கை நீட்டினால், நுனிகள் 3 ஆங்ஸ்ட்ராமில் தொட்டுக்கொண்டிருக்கும்போதே முதுகெலும்புகள் (ஆல்பா கார்பன்கள் அமைந்த சங்கிலியின் நடுத்தண்டுகள்) 10 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால் இருக்கலாம். எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் அந்த உப்புப் பாலம் ஆல்பா கார்பன் பட்டியலில் வராது. மறுதிசையிலும் பிழை நேரும்: ஆல்பா கார்பன்கள் 7 ஆங்ஸ்ட்ராமில் இருந்தும், பக்கச்சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் கேட்ட உங்கள் கேள்வி முகப்பைப் பற்றியது என்பதால் ஹைட்ரஜன் நீங்கலான எந்த இரு அணுக்களும் 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் தொடுகை என்று கொள்ளலாம். கார்பனின் வான் டெர் வால்ஸ் ஆரம் சுமார் 1.7, இரண்டு கார்பன்கள் தொட்டுக்கொண்டால் 3.4. நடுவே ஒரு நீர் மூலக்கூறு நுழைய வேண்டுமானால் இன்னும் சுமார் 2.8 தேவை, அதாவது 6.2 ஆகிவிடும். ஆகவே 4.5 என்ற எல்லைக்குள் இருக்கும் இரண்டு கார்பன்களுக்கு நடுவே நேராக நீர் நுழைய இடமில்லை என்று நம்பிச் சொல்லலாம்.

8 மார்ச் 2024

நேற்றைய குறிப்போடு ஒன்று. ஹீமோகுளோபின் ஏறக்குறைய முழுவதும் ஆல்பா ஹெலிக்ஸ்களால் ஆனது. ஹெலிக்ஸுக்குள் ஓர் எச்சமும் அதிலிருந்து நான்காவது எச்சமும் ஆல்பா கார்பன் அளவில் சுமார் 6 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருக்கும். ஆகவே 8 என்று வைத்தால் ஒவ்வொரு ஹெலிக்ஸும் தன் உள்தொடுகைகளாலேயே பட்டியலை நிரப்பிவிடும். தொடுகை வரைபடத்தில் மூலைவிட்டத்தை ஒட்டிய தடித்த பட்டை அதுதான். ஆனால் அடுத்தடுத்து அடுக்கிய இரண்டு ஹெலிக்ஸ்களின் அச்சுகள் 8 முதல் 10 ஆங்ஸ்ட்ராம் விலகியிருக்கும் என்பதால், ஹெலிக்ஸ்களுக்கு இடையிலான தொடுகைகள் அதே எல்லையில் பாதி தப்பிவிடும். வரிசையில் குறைந்தது 6 எச்சங்களாவது விலகியிருக்கும் இணைகளை மட்டும் எடுங்கள்.

11 மார்ச் 2024

எல்லைத் தொலைவைப் பற்றிப் பேசும்போது சென்னையில் நடந்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55 ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து கொலாஜனின் முப்புரிச் சுருள் அமைப்பை வெளியிட்டபோது, சில அணுக்கள் இயலாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன என்று ரிச்சும் கிரிக்கும் ஆட்சேபித்தார்கள். அப்படியானால் எவ்வளவு நெருக்கம் இயலும், எவ்வளவு இயலாது என்பதைத் தெரிந்துகொள்ள, அதுவரை தீர்க்கப்பட்டிருந்த சிறு மூலக்கூறுகளின் படிகங்களில் பிணையாத அணுக்கள் எவ்வளவு அருகே வருகின்றன என்று சென்னைக் குழு தேடித் தொகுத்தது. 1963-இல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்ட, புரத முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்று காட்டும் வரைபடம் அந்தத் தொகுப்பின் மேல் நிற்கிறது.

அந்த அட்டவணையில் ஒவ்வோர் அணு இணைக்கும் இரண்டு எண்கள் இருக்கின்றன: வழக்கமாக அனுமதிக்கத்தக்க தொலைவு ஒன்று, கடைசி எல்லை மற்றொன்று. கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே 3.2, 3.0 ஆங்ஸ்ட்ராம், ஆக்சிஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் 2.7, 2.6. ராமச்சந்திரன் வரைபடத்தில் முழுவதும் அனுமதித்த பகுதி, ஓரளவு அனுமதித்த பகுதி என்று இரண்டு கோடுகள் வருவது இதனால்தான். வரைபடத்தை எல்லாரும் பயன்படுத்துகிறோம். அதன் கீழே இருக்கும் தொலைவு அட்டவணையும், ஒரே எல்லையை நம்பாமல் இரண்டு எல்லைகளை வைத்த அந்த முடிவும் அதே அளவு பாடமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

12 மார்ச் 2024

ஆகவே செய்ய வேண்டியது: 4.0 ஆங்ஸ்ட்ராமில் ஒரு பட்டியல், 5.0-இல் இன்னொன்று. இரண்டிலும் ஒரே முடிவு வந்தால் எழுதலாம். 2எச்எச்பி 1.74 ஆங்ஸ்ட்ராம் தெளிவுத்திறனிலும் 1எச்எச்ஓ 2.1 தெளிவுத்திறனிலும் தீர்க்கப்பட்டவை. இந்தத் தெளிவுத்திறனில் அணுவின் இருப்பிடத்திலேயே 0.2 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு ஐயம் இருப்பது இயல்பு. 3.95 தொடுகை, 4.05 தொடுகை அல்ல என்ற அடிப்படையில் ஒரு கட்டமைப்பில் பிணைப்பு அறுந்தது என்று வாதிக்கும் கையெழுத்துப் பிரதிகள் மதிப்பீட்டுக்கு என்னிடம் இப்போதும் வருகின்றன. அந்த இரு எண்களுக்கும் இடையே இருப்பது அளவீட்டின் தடுமாற்றம் மட்டுமே.

16 மார்ச் 2024

புதிய பட்டியலைப் பார்த்தேன். உப்புப் பாலங்கள் மிகக் குறைவாக வந்திருக்கின்றன. ஹீமோகுளோபினின் கட்டமைப்பைத் தீர்த்த பெரூட்ஸ் 1970-இல் நேச்சர் இதழில் விளக்கிய புகழ்பெற்ற பாலங்களில் இரண்டு வகை உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை.

காரணத்தை உங்கள் நிரலிலேயே காணலாம். எதிர்மின் பக்கம் என்று அஸ்பார்டேட், குளூட்டமேட் ஆகியவற்றின் பக்கச்சங்கிலி ஆக்சிஜன்களை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சங்கிலியின் கடைசி எச்சத்திலும் முதுகெலும்பு ஒரு கார்பாக்சிலேட்டாக முடிகிறது. கோப்பில் ஓஎக்ஸ்டி என்று எழுதியிருக்கும் அணு அதில் ஒன்று. ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினை இறுக்கிப் பிடித்திருப்பதே சங்கிலி முனைகள்தான். பீட்டாவின் கடைசி எச்சமான ஹிஸ்டிடின் 146 தன் கார்பாக்சிலேட்டால் எதிர் இணையிலுள்ள ஆல்பா லைசின் 40-ஐயும், பக்கச்சங்கிலியால் தன் சங்கிலியிலேயே உள்ள அஸ்பார்டேட் 94-ஐயும் பிடிக்கிறது. ஆல்பாவின் கடைசி எச்சமான ஆர்ஜினின் 141 தன் கார்பாக்சிலேட்டால் மற்ற ஆல்பாவின் லைசின் 127-ஐயும், பக்கச்சங்கிலியால் அதே ஆல்பாவின் அஸ்பார்டேட் 126-ஐயும் பிடிக்கிறது. முனைக் கார்பாக்சிலேட்டைச் சேர்க்காத நிரலுக்கு இவற்றில் பாதி கண்ணில் படாது.

ஹிஸ்டிடினை நேர்மின் எச்சமாகச் சேர்ப்பதா என்ற கேள்விக்கு இந்த மூலக்கூறில் "எப்போதும்" என்றோ "ஒருபோதும் இல்லை" என்றோ பதில் சொல்ல முடியாது. அந்த 146-ஆம் ஹிஸ்டிடின் ஆக்சிஜன் இல்லாத நிலையில் அஸ்பார்டேட்டின் அருகே இருப்பதால் புரோட்டானை எளிதில் ஏற்கிறது. ஆக்சிஜன் சேர்ந்து பாலம் அறுந்ததும் விட்டுவிடுகிறது. அமிலத்தன்மை கூடிய தசையில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விடுவிக்கும் போர் (Bohr) விளைவில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே பட்டியலில் ஹிஸ்டிடின் பாலங்களைத் தனி நெடுவரிசையில் எழுதி, எந்த அமிலக் காரக் குறியெண்ணில் (pH) இது பொருந்தும் என்று குறிப்பிடுங்கள்.

17 மார்ச் 2024

அஸ்பரஜின் 102 பற்றி. அதன் பக்கச்சங்கிலி நுனியில் ஒரு பக்கம் ஆக்சிஜன், மறுபக்கம் நைட்ரஜன். ஒன்றில் 8 எலக்ட்ரான், மற்றதில் 7. ஊடுகதிர்ப் படத்தில் இரண்டையும் பிரித்தறிவது பெரும்பாலும் இயலாது. கட்டமைப்பைத் தீர்ப்பவர் சுற்றியிருக்கும் கொடுப்போரையும் ஏற்போரையும் பார்த்து எது எந்தப் பக்கம் என்று முடிவு செய்கிறார். அஸ்பார்டேட் ஓர் ஏற்பி என்பதால் அதற்கு எதிரே அஸ்பரஜினின் நைட்ரஜன் வர வேண்டும். உங்கள் பட்டியலில் எங்காவது இரண்டு ஆக்சிஜன்கள் 3 ஆங்ஸ்ட்ராமில் முகம் பார்த்துக்கொண்டிருந்தால், அதைப் புதுவகைத் தொடுகை என்று எழுதும் முன் அந்த எச்சத்தைத் திருப்பிப் பாருங்கள். குளூட்டமின், ஹிஸ்டிடின் இரண்டுக்கும் இதே எச்சரிக்கை.

17 மார்ச் 2024, இரவு

இந்தத் தொடுகைகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா, அல்லது படிகத்தில் தற்செயலாக அருகே வந்தவையா என்ற கேள்வி மிக நல்லது. ஹீமோகுளோபினில் இயற்கையே அதற்கான சோதனைகளைச் செய்து வைத்திருக்கிறது. பீட்டா அஸ்பரஜின் 102 திரியோனினாக மாறியதுதான் ஹீமோகுளோபின் கன்சாஸ். ஆக்சிஜன் சேர்ந்த நிலையைத் தாங்கிய பிணைப்பு போய்விடுவதால் ஆக்சிஜன் ஈர்ப்பு குறைந்து, அதை உடையவருக்குத் தோல் நீலம் பாய்கிறது. பீட்டா அஸ்பார்டேட் 99 அஸ்பரஜினாக மாறியது ஹீமோகுளோபின் கெம்ப்ஸி. இங்கே ஆக்சிஜன் இல்லாத நிலையைத் தாங்கிய பிணைப்பு போகிறது. ஈர்ப்பு கூடிவிடுகிறது, திசுக்களுக்கு ஆக்சிஜன் சரியாக இறங்காததால் உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. 4 மார்ச் குறிப்பில் சொன்ன இரண்டு பிணைப்புகளில் ஒன்றை அறுத்தால் தராசு ஒரு பக்கமும் மற்றதை அறுத்தால் மறுபக்கமும் சாய்கிறது. தொடுகைப் பட்டியலுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு எந்தப் புரதத்திலும் நான் கண்டதில்லை.

21 மார்ச் 2024

அரிவாள் செல் சோகையை முன்வைத்து வந்த கேள்வி: பீட்டாவின் 6-ஆம் எச்சம் 2எச்எச்பி பட்டியலில் எந்த முகப்பிலும் இல்லை, அப்படியிருக்க குளூட்டமேட் வாலினாக மாறுவது எப்படி இவ்வளவு கேடு செய்கிறது?

அது மூலக்கூறின் வெளிப்பரப்பில் இருப்பதால் ஒரு மூலக்கூறுக்குள் தேடினால் கிடைக்காது. அடுத்த மூலக்கூறைப் பார்க்க வேண்டும். 2எச்பிஎஸ் என்ற கட்டமைப்பை எடுங்கள். அதில் எட்டு சங்கிலிகள், அதாவது இரண்டு முழு ஹீமோகுளோபின்கள். ஒன்றின் பீட்டா வாலின் 6, மற்றொன்றின் பீட்டாவில் ஃபீனைல்அலனின் 85, லியூசின் 88 ஆகியவை அமைக்கும் நீர்வெறுப்புக் குழியில் நுழைந்திருப்பதைக் காணலாம். இப்படி மூலக்கூறு மூலக்கூறாகக் கோத்துத்தான் நார் வளர்கிறது. ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு வாலின்கள் இருந்தாலும் இந்தப் பக்கவாட்டுத் தொடுகையில் ஒன்றுதான் பங்கேற்கிறது என்பதும் பட்டியலில் தெரியும்.

முதல் குறிப்பில் படிகச் சமச்சீரால் வரும் பிரதியைச் சேர்க்கச் சொன்னேன். பொதுவாக, படிக அடுக்கினால் மட்டும் அருகே வரும் மூலக்கூறுகளை உயிரியல் தொடுகை என்று எண்ணக் கூடாது என்பதும் உண்மை. இரண்டையும் பிரிப்பது வெளிச்சான்று. 1எச்எச்ஓ-வின் மறு பாதி கரைசலிலும் கூடவே இருக்கிறது என்று தெரியும். 2எச்பிஎஸ்-இன் தொடுகை நோயாளிகளின் சிவப்பணுவில் உருவாகும் நாரிலும் இருக்கிறது என்று தெரியும். அப்படி எதுவும் தெரியாத புரதத்தில், முகப்பின் பரப்பையும், இனங்களுக்கிடையே அந்த எச்சங்கள் மாறாமல் நிற்கின்றனவா என்பதையும் பார்த்தபின்தான் பேச வேண்டும்.

25 மார்ச் 2024

அமினோ அமில வரிசையிலிருந்து புரதத்தின் வடிவத்தை முன்னறியும் ஆல்ஃபாஃபோல்டு வந்தபின் தொடுகைப் பகுப்பாய்வு எதற்கு என்கிறார் ஒருவர். ஆல்ஃபாஃபோல்டு வளர்ந்த வழியே தொடுகைதான். பரிணாமத்தில் சேர்ந்து மாறும் எச்சங்கள் அருகருகே இருக்கக்கூடும் என்ற எண்ணத்தை 1994-இலேயே சாண்டர், வலென்சியா உள்ளிட்டோர் சோதித்தார்கள்; மறைமுகத் தொடர்புகளை நீக்கி நேரடித் தொடர்பைப் பிரிக்கும் கணக்கு 2009 வாக்கில் வந்தது; 2018 காஸ்ப் போட்டியில் முதல் ஆல்ஃபாஃபோல்டு, தொடுகை உண்டா இல்லையா என்று கேட்பதை விட்டு, 2 முதல் 22 ஆங்ஸ்ட்ராம் வரையிலான தொலைவை 64 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு தந்தது. ஆனால் அதன் தரவுத்தளத்தில் ஹீமோகுளோபின் ஆல்பாவைத் தேடினால் ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீம் இல்லாத ஓர் ஒற்றைச் சங்கிலிதான் கிடைக்கும். இந்த இழை முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் மாற்றம், நான்கு சங்கிலிகளும் இரண்டு நிலைகளும் இருந்தால்தான் உண்டு.

30 மார்ச் 2024

கடைசிப் பட்டியல் நன்றாக வந்திருக்கிறது. ஆல்பா1-பீட்டா2 முகப்பை 4.0, 5.0 இரண்டு எல்லைகளிலும் பிரித்ததில் ஹிஸ்டிடின் 97-இன் இடமாற்றம் இரண்டிலும் தெரிகிறது. முனைப் பாலங்களும் வந்துவிட்டன. கருத்தரங்குக்கு முன் இரண்டு திருத்தங்கள். ஒரே எச்சத்துக்கு ஏ, பி என இரண்டு இருப்பிடங்கள் எழுதிய மாற்று நிலைகள் உள்ள எச்சங்களில் ஏ நிலை பி நிலையைத் தொடுவதாக எண்ணாமல், ஒரு நேரத்தில் ஒரு நிலையை மட்டும் எடுங்கள். ஆக்சிஜன் சேர்ந்த கட்டமைப்பில் சங்கிலி முனைகளின் வெப்பக் காரணி (அணுவின் இருப்பிடம் எவ்வளவு மங்கல் என்று காட்டும் எண்) எவ்வளவு என்று பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். "பாலம் இல்லை" என்பதும் "அந்த எச்சம் எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியவில்லை" என்பதும் வேறு வேறு முடிவுகள், கேட்பவருக்கு எது என்று தெரிய வேண்டும். தலைப்பில் இருக்கும் "தொடுகை இழப்பு" என்பதை எடுத்துவிட்டு "தொடுகை மாற்றம்" என்று போடுங்கள். படத்தில் ஏ-டி, பி-சி ஆகிய இரண்டு முகப்புகளையும் தனித்தனியே காட்டினால், இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று முதல் வரிசையில் இருப்பவர் கேட்கும்முன் விடை திரையில் இருக்கும்.